காப்பர்–சாலென் அணைவு: ஈஎஸ்ஐ (மின்தெளிப்பு) நிறை நிறமாலையில் 330 அருகே ஐசோடோப்பு வடிவம் பொருந்தவில்லை, 269 தான் பெரிய பீக்

நீலப்படிகம் (கேள்வி)

வணக்கம். சாலென் லிகண்டின் (இரண்டு நைட்ரஜன், இரண்டு ஃபீனலேட் ஆக்சிஜன் வழியாக உலோகத்தைப் பிடிக்கும் கரிம மூலக்கூறு) காப்பர்(2+) அணைவு. நுண்தனிமப் பகுப்பாய்வில் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் மூன்றும் 0.3 சதவீதத்துக்குள் பொருந்துகின்றன. ஐஆரிலும் குறை இல்லை. சிக்கல் முழுக்க நிறை நிறமாலையில்தான்.

கருவி க்யூ-டாஃப் (அயனி பறக்கும் நேரத்தை வைத்து நிறை அளப்பது), பிரிதிறன் சுமார் 10,000, நேர்மின் அயனி முறை. மாதிரி 50 மைக்ரோமோலார், அசிட்டோநைட்ரைல்–தண்ணீர் 1:1, அதில் 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம். சிரிஞ்ச் பம்ப்பில் நிமிடத்துக்கு 5 மைக்ரோலிட்டர். கேப்பிலரி (தெளிக்கும் ஊசி) 3.5 கிலோவோல்ட், கோன் (அயனிகளைக் கருவிக்குள் இழுக்கும் கூம்பு) 40 வோல்ட், டீசால்வேஷன் வாயு (துளியை உலர்த்துவது) 350 டிகிரி. கருவிக்கூடத்தில் எல்லா மாதிரிக்கும் இதே மெத்தட்தான்.

வந்த பீக்குகள் (நிறை/மின்சுமை): 269.13 (இதுதான் 100), 165.10, 144.98 (கூடவே 146.98), 352.02, 681.06, அப்புறம் 330 கூட்டம். அந்தக் கூட்டத்தை மட்டும் 330-ஐ 100 என்று வைத்துப் பார்த்தால்:

329 – 19
330 – 100
331 – 41
332 – 49
333 – 15

அணைவோடு ஒரு புரோட்டான் சேர்ந்தால் கணக்குப்படி 330.0424. அது சரியாக வருகிறது. 331-இன் நிறையும் 331.0446, எதிர்பார்த்த 331.0458-இலிருந்து 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு) கூட விலகவில்லை. ஆனால் உயரம் 18 இருக்க வேண்டிய இடத்தில் 41. 329 எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. லிகண்ட் கலந்திருக்கிறது, மறுபடி சுத்தம் செய் என்கிறார்கள். மூன்று முறை மறுபடிகமாக்கியும் 269 குறையவில்லை. மாதிரி அசுத்தமா, அளவிடும் முறை தவறா?

அயனிக்கூம்பு

மாதிரியைத் தொட வேண்டாம். தனிமப் பகுப்பாய்வு பொருந்துகிறது என்றால் உங்கள் திண்மம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கெடுப்பது கரைப்பானில் இருக்கும் அமிலம்.

முதலில் அந்த ஐந்து எண்களைப் பிரித்துப் பார்ப்போம், அதிலேயே பாதி விடை இருக்கிறது. காப்பர்-63, காப்பர்-65 இரண்டும் 69.15 : 30.85. அதாவது 100-க்கு 44.6. பதினாறு கார்பன், இரண்டு நைட்ரஜன் சேர்ந்து எம்+1-க்கு (ஒரு நிறை கூடிய ஐசோடோப்புப் பீக்குக்கு) 18 சதவீதம் தரும். எனவே ஒற்றைக் காப்பர் சாலென் அயனி எதுவானாலும் அதன் வடிவம் ஏறக்குறைய 100 : 18 : 46.5 : 8.

இப்போது கீழிருந்து மேலே போங்கள். 329-இல் இருக்கும் 19, புரோட்டான் சேராமல் ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்த அணைவு, 329.0346. அதன் கார்பன்-13 பங்கு 330-இல் 3.4, காப்பர்-65 பங்கு 331-இல் 8.8. மிச்சம் 330-இல் 96.5, அதுதான் புரோட்டான் சேர்ந்த அணைவு. அது 331-இல் 17.6 தரும். 41-இலிருந்து 8.8-ஐயும் 17.6-ஐயும் கழித்தால் 14.6 மிஞ்சுகிறது. அது யார்? இரண்டு ஃபீனாலும் புரோட்டானோடு இருக்கும் முழு லிகண்டை காப்பர்(1+) பிடித்த அயனி, 331.0502. சரிபார்க்க 332-ஐக் கூட்டுங்கள்: 44.9 + 1.5 + 2.7 = 49.1. நீங்கள் பார்த்தது 49. 333-உம் 15-க்கு வந்துவிடுகிறது. ஆக உங்கள் கூட்டத்தில் ஒரே அயனி இல்லை, மூன்று இருக்கின்றன.

நிறை 4 பிபிஎம்-க்குள் வந்ததை நம்பியதுதான் பொறி. 331-இல் மூன்று கூறுகள் 331.0328, 331.0458, 331.0502 என்று நிற்கின்றன. பிரிதிறன் 10,000 என்றால் அந்த இடத்தில் பீக்கின் அகலமே 0.033. மூன்றும் ஒரே மேடாகத்தான் தெரியும். அதன் எடையிட்ட சராசரி 331.0446, உங்கள் எண்ணேதான். இரண்டு பிழை எதிரெதிர்த் திசையில் இழுத்ததால் சராசரி நல்ல பிள்ளையாக நடுவில் உட்கார்ந்துவிட்டது. கடைசி இரண்டையும் பிரிக்க 75,000-க்கு மேல் பிரிதிறன் வேண்டும். ஆர்பிட்ராப்பில் (பிரிதிறன் மிக்க வேறு வகைக் கருவி) 140,000 அமைப்பு போதும். டாஃபில் வடிவத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் வழி.

இனி அமிலம். 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம் என்பது கேட்கச் சிறிதாக இருக்கும், மோலாரில் அது சுமார் 26 மில்லிமோலார். உங்கள் அணைவு 50 மைக்ரோமோலார். ஐந்நூறு மடங்குக்கு மேல் அமிலம், பாதிக் கரைப்பான் தண்ணீர். ஃபீனலேட் புரோட்டானை வாங்கிக்கொண்டு காப்பரை விடுகிறது, தனி லிகண்டோடு ஒரு புரோட்டான் சேர்ந்த 269.13 பிறக்கிறது. விடுபட்ட லிகண்டின் இமின் பிணைப்பு அமிலத் தண்ணீரில் நீராற்பகுக்கிறது. உங்கள் 165.10 அதற்குச் சாட்சி: ஒரு பக்கம் சாலிசிலால்டிஹைடு கழன்று மறுபக்கம் அமீனாக நிற்கும் பாதி லிகண்ட், கணக்கு 165.1022. விடுபட்ட காப்பரை அசிட்டோநைட்ரைல் 1+ நிலையில் இறுகப் பிடிக்கிறது. 144.98 என்பது காப்பர்(1+)-உடன் இரண்டு அசிட்டோநைட்ரைல். பக்கத்தில் 146.98 ஏறக்குறைய 45 சதவீத உயரத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? யூவி-விசிபிள் குவெட்டில் அணைவுக் கரைசலை வைத்து அதே அளவு ஃபார்மிக் அமிலம் விட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுங்கள். 360 நானோமீட்டர் அருகிலுள்ள அணைவின் பட்டை இறங்கி, 315 பக்கம் லிகண்டின் பட்டை ஏறும்.

மாற்று முறை: அணைவை 1 மில்லிமோலாராக டிஎம்எஸ்ஓ-வில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரையுங்கள், மெத்தனாலில் நேரடியாக அவ்வளவு கரையாது. அதை எல்சி-எம்எஸ் தர மெத்தனாலில் 200 மடங்கு நீர்க்கச் செய்தால் 5 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ அரை சதவீதம். ஒரு சதவீதத்துக்கு மேல் டிஎம்எஸ்ஓ போனால் சிக்னலை அமுக்கும். அமிலம் வேண்டவே வேண்டாம். சார்ஜ் கிடைக்க 20 மைக்ரோமோலார் சோடியம் அசிட்டேட் போதும், அணைவோடு சோடியம் சேர்ந்த அயனியை 352.02-இல் தேடுங்கள். சோடியம் அயோடைடைப் பயன்படுத்தாதீர்கள், அயோடைடு காப்பர்(2+)-ஐ ஒடுக்கும். டிஎம்எஸ்ஓ-வுக்குப் பதில் குளோரோஃபார்ம் எடுப்பதானால் புதுப் புட்டி எடுங்கள். வெளிச்சத்தில் நாள்பட்டு நின்ற குளோரோஃபார்மில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும், பழைய கதைதான். நீர்க்கச் செய்தது முதல் அரை மணிக்குள் ஓட்டிவிடுங்கள்.

வெற்றிடப்பம்பு

அயனிக்கூம்பு சொன்னதோடு சோர்ஸ் (அயனி பிறக்கும் பகுதி) அமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 350 டிகிரியும் 40 வோல்ட்டும் மருந்து மூலக்கூறுகளுக்கு ஓட்டும் மெத்தட். உலோக–லிகண்ட் பிணைப்பில் பலவீனமானது எதுவானாலும் அதில் உதிர்ந்துவிடும். சாலென் நான்கு பல் லிகண்ட் என்பதால் உங்களுடையது தாங்கியிருக்கிறது. அச்சில் ஒரு பிரிடீனோ தண்ணீரோ ஒட்டியிருக்கும் அணைவு என்றால் அது நிறமாலையில் வரவே வராது, "ஒட்டவில்லை" என்று தவறாக எழுதிவிடுவோம்.

தொடக்கத்துக்கு டீசால்வேஷன் 150 முதல் 200 டிகிரி, கேப்பிலரி 2.5 கிலோவோல்ட், கோன் 10 வோல்ட். பிறகு கோனை மட்டும் 10, 20, 40, 60 என்று ஏற்றி நான்கு நிறமாலை எடுங்கள். ஏற்ற ஏற்ற வளரும் பீக் சோர்ஸில் உடைந்து பிறந்தது. ஏற்றினாலும் விகிதம் மாறாதது கரைசலிலிருந்தே வந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த நான்கு நிறமாலையும் பின்னிணைப்பில் இருந்தால் தேர்வாளர் பாதிக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

கருவி எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று பார்க்க மலிவான சோதனை ஒன்று: ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டும் மூன்று மடங்கு 1,10-ஃபீனாந்த்ரோலினும் தண்ணீரில் கலந்தால் உடனே சிவக்கும். அதை மெத்தனால்–தண்ணீரில் 10 மைக்ரோமோலாருக்கு இறக்கி ஓட்டுங்கள். மூன்று ஃபீனாந்த்ரோலின் உள்ள 2+ அயனி 298.07-இல் வரும், ஐசோடோப்புகள் 0.5 இடைவெளியில் நிற்கும். 297.07-இல் இரும்பு-54 பீக் ஆறு சதவீதம். ஒரு ஃபீனாந்த்ரோலின் கழன்றால் 208.04. கோன் 10-இல் 298 மட்டும் தெரிந்து, ஏற்ற ஏற்ற 208 எட்டிப் பார்க்க வேண்டும். குறைந்த வோல்ட்டேஜிலேயே 208 பெரிதாக இருந்தால் வெப்பநிலையைத்தான் முதலில் இறக்க வேண்டும். இந்த வகை அயனிகளை ஈஎஸ்ஐ உடையாமல் காட்டும் என்பது 1990-இலேயே ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் கட்டா, சவுதுரி, செய்ட் மூவரும் ருதீனியத்தின் பைபிரிடீன், ஃபீனாந்த்ரோலின் அணைவுகளை வைத்துக் காட்டிய விஷயம். அணைவு தன்னிடமே சார்ஜ் வைத்திருந்தால் எல்லாம் சுலபம். உங்களுடையது நடுநிலை அணைவு, அதனால்தான் இவ்வளவு பாடு.

கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் 330-ஐயோ 352-ஐயோ ஆதாரமாக எழுதாதீர்கள். புரோட்டான் சேர்ந்த அணைவும், ஒரு புரோட்டான் மிச்சமுள்ள லிகண்டை காப்பர்(2+) பிடித்த அயனியும் ஒன்றேதான், இரண்டும் 330.0424. வெறும் லிகண்டையும் காப்பர் அசிட்டேட்டையும் குப்பியில் கலந்து ஓட்டினாலும் அது வரும். ஆகையால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கரைப்பான் மட்டும், அடுத்து லிகண்ட் மட்டும், அடுத்து அணைவு, கடைசியாக அணைவோடு 5 மைக்ரோமோலார் நிக்கல் அசிட்டேட் சேர்த்தது. நிக்கல் சாலென் 325.05-இலும் சோடியத்தோடு 347.03-இலும் வரும். பத்து நிமிடத்தில் அது முளைக்கவில்லை என்றால் உங்கள் காப்பர் லிகண்டை விட்டுப் போகவில்லை. முளைத்தால் கரைப்பானில் இன்னும் எங்கோ அமிலம் இருக்கிறது, அல்லது தனி லிகண்ட் இருக்கிறது.

லிகண்ட் மட்டும் ஓட்டும்போது 322.04 வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இரும்பு(3+) சாலென். ஸ்டீல் ஊசி, ஸ்டீல் யூனியன் இரண்டிலிருந்தும் லிகண்ட் இரும்பைச் சுரண்டி எடுக்கும். அந்த அயனிக்கு இயல்பாகவே ஒரு நேர்மின்சுமை இருப்பதால் நானோமோலார் அளவு இருந்தாலே நிறமாலையில் மலை போல நிற்கும். அதைப் பார்த்து மாதிரியில் இரும்பு கலந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். கண்ணாடி சிரிஞ்ச், ஃப்யூஸ்டு சிலிக்கா குழாய், பிளாஸ்டிக் இணைப்பு என்று மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்று: க்யூ-டாஃபை சோடியம் ஃபார்மேட் வைத்துக் கேலிபரேட் செய்திருந்தால், 90.98, 158.96, 294.94, 362.93 முழுக்க மறையும் வரை மெத்தனால்–தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதில் மிஞ்சும் ஃபார்மிக் அமிலமே உங்கள் முதல் பத்து நிமிடத்தைக் கெடுக்கும்.

நீலப்படிகம்

இருவருக்கும் மிக்க நன்றி. மெத்தனால், 5 மைக்ரோமோலார், 20 மைக்ரோமோலார் சோடியம் அசிட்டேட், 180 டிகிரி, கோன் 15, கேப்பிலரி 3 கிலோவோல்ட், ஓட்டம் அதே 5 மைக்ரோலிட்டர். இப்போது 352.02 தான் பெரிய பீக். 269 மூன்று சதவீதத்துக்குக் கீழே, 165-உம் 145-உம் இல்லை. நிக்கல் சேர்த்துப் பதினைந்து நிமிடம் கழித்தும் 325, 347 இரண்டும் இல்லை.

ஆனால் இரண்டு சந்தேகம். ஒன்று, 331-இல் இருந்த காப்பர்(1+) அயனி போய்விட்டது, 329.03 மட்டும் போகவில்லை. முன்பு 330-இல் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது, இப்போது 330-ஐவிடப் பெரிதாகவே நிற்கிறது, 352-இல் 30 சதவீதம். இரண்டு, 681.06 பாதி உயரத்தில் வருகிறது. இதை வைத்து அணைவு இருகரு அணைவு (இரண்டு உலோக அணு கொண்டது) என்று எழுதலாமா? தேர்வாளர் உலோக–லிகண்ட் விகிதத்தையும் நிறை நிறமாலையாலேயே நிறுவச் சொல்கிறார்.

மின்முனை

329-க்கு மட்டும் பதில் சொல்கிறேன். அது நீர்க்கச் செய்ததால்தான் கூடியது.

ஈஎஸ்ஐ ஊசி நேர்மின் முறையில் ஓர் ஆனோடு. ஸ்ப்ரே எடுத்துச் செல்லும் ஒவ்வொரு நேர்மின்சுமைக்கும் ஊசிமுனையில் ஏதோ ஒன்று ஆக்சிஜனேற்றம் ஆக வேண்டும். கெபார்லே குழு 1991-இல் துத்தநாக முனை வைத்து, கரைந்து வரும் துத்தநாக அயனியையே நிறமாலையில் காட்டியது. உங்கள் கருவியில் அந்த வேலையைச் சாலென் அணைவு பார்க்கிறது. அதன் ஃபீனலேட் வளையம் எளிதில் எலக்ட்ரான் கொடுக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஸ்ப்ரே மின்னோட்டம் 0.1 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 62 பிக்கோமோல் எலக்ட்ரான். முதல் முறை 50 மைக்ரோமோலார், 5 மைக்ரோலிட்டர்: நிமிடத்துக்கு 250 பிக்கோமோல் அணைவு வந்தது. எல்லா மின்னோட்டமும் அதன்மீதே விழுந்தாலும் கால்பங்குதான் ஆக்சிஜனேற்றம் ஆகியிருக்கும். இப்போது 5 மைக்ரோமோலார்: 25 பிக்கோமோல்தான் வருகிறது. அத்தனையையும் இரண்டு தடவை ஆக்சிஜனேற்றம் செய்ய மின்னோட்டம் இருக்கிறது. முழுக்க ஆகாமல் தப்பியது, ஊசியின் சுவரை எல்லா மூலக்கூறும் தொடுவதில்லை என்பதால்தான்.

எனவே ஓட்டத்தை 15 மைக்ரோலிட்டருக்கு ஏற்றுங்கள், கேப்பிலரியை 2.2 முதல் 2.5 கிலோவோல்ட்டுக்கு இறக்குங்கள். ஸ்ப்ரே நிலையாக இருக்கும் கடைசிப் புள்ளியில் நிறுத்துங்கள், அதற்குக் கீழே போனால் சிக்னல் துடிக்கும். தேவையற்ற உப்பு எதையும் சேர்க்காதீர்கள். உப்பு கூடினால் கடத்துத்திறன் கூடும், மின்னோட்டமும் கூடும். 20 மைக்ரோமோலார் அசிட்டேட்டை 5-க்கு இறக்கிப் பாருங்கள். செறிவை 20 மைக்ரோமோலாருக்கு ஏற்றினாலும் 329-இன் பங்கு குறையும், ஆனால் 681 வளர்ந்துவிடும். அதனால் ஓட்டத்தில் கைவைப்பதே நல்லது.

329 குறைந்தால் அது ஊசியில் பிறந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆய்வேட்டில் "மின்தெளிப்பின்போது நிகழும் ஒற்றை எலக்ட்ரான் ஆக்சிஜனேற்றம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். காப்பர்(3+) அணைவு கிடைத்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எலக்ட்ரான் உலோகத்திலிருந்து போனதா லிகண்டிலிருந்து போனதா என்பதை நிறை சொல்லாது.

அயனிக்கூம்பு

681 விஷயம். அது இரண்டு அணைவும் ஒரு சோடியமும், கணக்கு 681.0595. இரண்டு காப்பர் இருப்பதால் 681-உம் 683-உம் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும், 685 சின்னதாகத் தொடரும். வடிவம் அப்படியிருந்தால் கலவை சரி. ஆனால் கலவை சரி என்பது வேறு, இருகரு அணைவு என்பது வேறு.

சாலென் அணைவில் இரண்டு ஃபீனலேட் ஆக்சிஜனும் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. சோடியத்தை இரண்டு மூலக்கூறுகள் இருபுறமிருந்தும் கவ்வ அது ஏற்ற இடம். துளி சுருங்கச் சுருங்க செறிவு பல மடங்கு ஏறுகிறது, கரைசலில் தனித்தனியாக இருந்தவை துளியில் சேர்ந்துவிடும். காப்பர் சாலென் படிகத்தில் காப்பர்–ஆக்சிஜன் பாலத்தால் இரட்டையாக இருப்பது எக்ஸ்ரே அமைப்பிலிருந்து தெரிந்ததுதான், அதனால் ஆசை வரும். ஆனால் அந்த இரட்டையும் இந்த 681-உம் ஒன்று என்று சொல்ல நிறை நிறமாலையில் எதுவும் இல்லை.

மூன்று சோதனை செய்யலாம். 5 மைக்ரோமோலாரிலிருந்து 0.5-க்கு இறக்குங்கள்: 681 மறைந்து 352 மட்டும் நின்றால் அது துளியில் சேர்ந்த கூட்டம். சோடியம் அசிட்டேட்டுக்குப் பதில் பொட்டாசியம் அசிட்டேட் போடுங்கள்: 697.03-க்கு நகர்ந்து விகிதமும் மாறினால், பிடித்து வைத்திருப்பது கார உலோகம்தான். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, தீர்ப்புச் சொல்லக்கூடியதும் அதுவே. காப்பர் சாலெனையும் நிக்கல் சாலெனையும் சம அளவில் கலந்து உடனே ஓட்டுங்கள். நிக்கல்–நிக்கல் 671.07, காப்பர்–நிக்கல் 676.07, காப்பர்–காப்பர் 681.06. நடுப்பீக் கூட்டம் உடனடியாக மற்ற இரண்டைப் போல இரு மடங்காக வந்தால், துளியில் கண்டபடி சேர்ந்த இரட்டைகள். உண்மையான, மெதுவாகப் பிரியும் இருகரு அணைவு என்றால் கலந்தவுடன் நடுப்பீக் இருக்காது, மணிக்கணக்கில்தான் வளரும். 671-இலும் 676-இலும் நிக்கலின் ஐசோடோப்புகள் (58, 60, 62) குறுக்கிடும் என்பதால் ஒற்றைப் பீக்கை அல்ல, கூட்டத்தின் மொத்தப் பரப்பை ஒப்பிடுங்கள். ஒரு நிபந்தனை, இரண்டும் கரைசலில் வேகமாகப் பரிமாறினாலும் இதே விகிதம் வரும். எப்படியானாலும் "நிலையான இருகரு அணைவு" என்ற முடிவு அதில் நிற்காது.

விகிதத்தைப் பற்றித் தேர்வாளர் கேட்டதற்கு: பீக் எந்த விகிதக் கலவை இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. மேலே சொன்ன இரும்பு சாலெனை நினைத்துக்கொள்ளுங்கள், துளி இரும்பு மலையாகத் தெரிகிறது. நடுநிலையான உங்கள் அணைவு சோடியத்தை நம்பி நிற்கிறது. இவை இரண்டின் உயரத்தை ஒப்பிட்டு நிலைப்பு மாறிலி எழுதினால் அது தவறாகத்தான் வரும். 1:1 என்பதற்குத் தனிமப் பகுப்பாய்வும், யூவி-விசிபிளில் ஜாப் வரைபடமும் (உலோகம், லிகண்ட் பங்கை மாற்றி மாற்றி ஒளி உறிஞ்சலை வரைவது), துணைக்கு நிறை நிறமாலையும் என்று கொடுங்கள். டைட்ரேஷன் எடுத்தே தீர வேண்டுமென்றால் லிகண்டை 5 மைக்ரோமோலாரில் நிறுத்தி காப்பரை 0 முதல் 25 வரை ஏற்றுங்கள், கூடவே காப்பரோடு சேராத நிலையான நேர்மின் அயனி ஒன்றை உள்தரமாகப் போட்டு எல்லாவற்றையும் அதற்கு விகிதமாக எழுதுங்கள். காப்பர் மிஞ்சிய இடத்தில் 360.50-இல் 0.5 இடைவெளியோடு ஒரு கூட்டம் வரலாம்: இரண்டு அணைவும் நடுவில் ஒரு காப்பர்(2+)-உம். புது அணைவு கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம், சோடியம் உட்கார்ந்த அதே இடத்தில் காப்பர் உட்கார்ந்திருக்கிறது.

பஃபர் வேண்டுமென்று பாஸ்ஃபேட், ட்ரிஸ் எதையும் கொண்டுபோகாதீர்கள். அம்மோனியம் அசிட்டேட் ஆவியாகும் என்பது உண்மை, ஆனால் அம்மோனியா காப்பருக்குப் பிடித்த லிகண்ட். அதோடு பிஎச் 7-இல் அதற்குத் தாங்குதிறன் கிட்டத்தட்ட இல்லை, அசிட்டேட் 4.76-இலும் அம்மோனியம் 9.25-இலும்தான் தாங்கும்.

வெற்றிடப்பம்பு

எம்எஸ்/எம்எஸ் எடுக்கப் போகிறீர்கள் என்றால்: 352-ஐயும் 354-ஐயும் தனித்தனியாக, ஒரு டால்ட்டன் அகலத்தில் பிரித்தெடுத்து உடையுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் வரும் துண்டில் காப்பர் இல்லை, 2 நகரும் துண்டில் காப்பர் இருக்கிறது. ஒற்றை ஐசோடோப்பைப் பிரித்ததால் வடிவம் போய்விட்டதே என்று தவிக்க வேண்டியதில்லை. அயன் ட்ராப் என்றால் துண்டுகளுக்கு மேலே 18.01 கூடிய பீக்குகள் வரும். இடம் காலியான காப்பர், ட்ராப்பில் மிஞ்சியிருக்கும் நீராவியைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் மாதிரியின் தண்ணீர் அல்ல அது.

மால்டியும் (மேட்ரிக்ஸில் கலந்து லேசரால் அயனியாக்குவது) ஒரு முறை முயலலாம். வழக்கமான டைஹைட்ராக்சிபென்சாயிக் அமில மேட்ரிக்ஸ் வேண்டாம், அங்கும் அமிலம் காப்பரை உரிக்கும். டிசிடிபி அல்லது டித்ரனால் கேளுங்கள். டிசிடிபி எலக்ட்ரானைப் பறித்து அயனியாக்குவதால் அங்கே 329.03-ஐத்தான் எதிர்பார்க்க வேண்டும், 330-ஐ அல்ல. அது மேட்ரிக்ஸின் 250-க்கு மேலே இருப்பதால் குழப்பம் வராது.

அட்டவணை போடும்போது எலக்ட்ரான் நிறையை மறக்காதீர்கள். வரைபட மென்பொருள் தரும் நடுநிலை நிறையோடு சோடியம் அணுவின் நிறையைக் கூட்டி அப்படியே எழுதினால் 0.00055 கூடுதலாக இருக்கும், 352-இல் அது 1.6 பிபிஎம். 5 பிபிஎம் வரம்பில் மூன்றில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். அணைவுடன் சோடியத்துக்குச் சரியான எண் 352.0243.

கருவிக்கூடத்துக்கு அனுப்பும் படிவத்தில் "குறிப்பு" என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். இதை எழுதிக் கொடுங்கள்: அமிலம் சேர்க்கக் கூடாது, நிறப்பிரிகைக் குழல் வழியாக அல்ல, நேரடி இன்ஃப்யூஷன், மெத்தனால், டீசால்வேஷன் 180 டிகிரி, கோன் 15 வோல்ட், கேப்பிலரி 2.5 கிலோவோல்ட், ஓட்டம் 15 மைக்ரோலிட்டர். 100 முதல் 1000 வரை ஸ்கேன். முன்னதாகக் கரைப்பான் மட்டும் ஒரு நிறமாலை. சென்ட்ராய்டு (பீக்குக்கு ஒரே கோடு) அல்ல, புரொஃபைல் (பீக்கின் முழு வடிவம்) தரவு வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். சென்ட்ராய்டு மட்டும் கையில் இருந்தால் 331 போன்ற மேட்டின் தோள்பட்டை சரிவதை நீங்கள் பார்க்கவே முடியாது.